சைபர் வேலை

கல் அப்படியொன்றும் பெரியது இல்லை. குண்டு விழுந்து இடிந்த ஏதோ ஒரு கடைவீட்டுச் சுவரிலிருந்து வந்தது. ஒரு பக்கத்தில் நீலச் சுண்ணாம்புப் பூச்சு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அது தரையில் கிடந்தபோது விநாசித்தம்பி மாஸ்டர், 'இவ்வளவுதானா' என்றுகூட நினைத்தார். இப்போது அதே கல் அவருடைய தலைக்கு மேலே, நீட்டிய இரண்டு கைகளின் நுனியில் இருந்தது. பினாங்கு ரோட்டு முனை, ஜப்பான்காரனின் காவல் கொட்டகைக்கு எதிர்ப்பக்கம், உச்சி வெயில். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாரும் நின்று, காவல்காரனைப் பார்த்து இடுப்பு மடியக் குனிந்து, நிமிரும்போது ஓரக்கண்ணால் மாஸ்டரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்கள். தனக்கும் சேர்த்துத்தான் குனிகிறார்கள் என்று வைத்துக்கொண்டால் கௌரவமாகத்தான் இருந்தது.

குற்றம் அவருடையது இல்லை, சைக்கிளுடையது. காவல்காரனைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி, நின்று, குனிந்துவிட்டுப் போகவேண்டும் என்பது சட்டம். ஊரில் டயர் கிடைக்காமல் ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. சக்கரத்தில் தேங்காய் நார்க் கயிற்றைச் சுற்றி ஓட்டிக்கொண்டிருந்தார். பிரேக் கட்டை தேய்ந்து போய்விட்டது. சப்பாத்தை முன்சக்கரத்தில் அழுத்தித்தான் இத்தனை நாளும் நிறுத்தினார்; போன மாதம் சப்பாத்தும் விற்றாகிவிட்டது. காலில் இருந்தது மரக்கட்டைச் செருப்பு. கட்டை, நார்க்கயிற்றில் வழுக்கியது. ஓடுகிற பொருள் ஓடிக்கொண்டே இருக்கத்தான் பார்க்கும் என்று பதினைந்து வருஷமாகக் கரும்பலகையில் எழுதி வந்த மனுஷர், அந்த விதிக்கு வணக்கம் சொல்வதுபோலக் குனிந்த தலையோடு காவல்காரனைக் கடந்து வழுக்கிக்கொண்டு போனார். அவன் அதைக் கேலி என்று எடுத்துக்கொண்டான். எடுத்துக்கொள்ளாமல் என்ன செய்வான்? பார்த்தால் அப்படித்தான் இருந்திருக்கும்.

கை முதலில் வலித்தது. பிறகு எரிந்தது. பிறகு தோளுக்கு மேலே இருப்பது தன் கையா, யாரோ இரவல் கொடுத்த இரண்டு மரத்துண்டுகளா என்று தெரியாமல் போயிற்று. அந்த நிலையில்தான் அவருக்கு அந்தக் கணக்கு ஞாபகம் வந்தது.

ஆங்கிலப் பள்ளிக்கூடம் நடந்த காலத்தில் பௌதிக வகுப்பில் அவருக்கு மிகவும் பிடித்த பாடம் அது. வேலை என்றால் என்ன? ஒரு பொருள்மேல் கொடுக்கிற விசையை, அது நகர்ந்த தூரத்தால் பெருக்கினால் வருவது வேலை. நகரவில்லை என்றால் தூரம் சைபர். தூரம் சைபர் என்றால் வேலையும் சைபர். 'இந்த மேசை காலையிலிருந்து இந்தப் புத்தகத்தைச் சுமந்துகொண்டு நிற்கிறது. மேசைக்குச் சம்பளம் கொடுப்பீர்களா?' என்று மேசையைத் தட்டுவார். பையன்கள் சிரிப்பார்கள். அவருக்குச் 'சைபர் மாஸ்டர்' என்று பெயர் வைத்திருந்தது அவருக்குத் தெரியும். தெரியாததுபோல நடந்துகொள்வதில் ஒரு சந்தோஷமும் இருந்தது.

கல்லைத் தரையிலிருந்து தலைக்குமேலே தூக்கினாரே, அது வேலை. சரி. ஆனால் தூக்கியபிறகு? கல் நகரவில்லை. ஆக, சூரிய வம்சத்துச் சக்கரவர்த்திக்காக இந்தப் பட்டப்பகலில் விநாசித்தம்பி ஒரு துளி வேலையும் செய்யவில்லை. மேசை அளவுக்குக்கூட இல்லை. மேசையாவது விருப்பத்தோடு நிற்கிறது.

அவர் சிரித்துவிட்டார். சத்தமில்லாத சிரிப்புத்தான், மீசை கொஞ்சம் அகன்றது, அவ்வளவே. காவல்காரன் வந்து முதல் கல்லுக்கு மேலே இரண்டாவது கல்லை வைத்தான்.

இரண்டுக்கும் சைபர்தான் என்று மாஸ்டர் நினைத்துக்கொண்டார். ஆனால் இந்தமுறை சிரிப்பு வரவில்லை. ஏனென்றால், அதற்குள் திங்கட்கிழமை ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

திங்கட்கிழமைக்குக் கை வேண்டும்.

அவர் வழுக்கிக்கொண்டு வந்ததே கந்தப்பு அண்ணையின் வீட்டிலிருந்துதான். கந்தப்பு, பொதுப்பணி இலாகாவில் தலைமைக் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஜப்பான்காரன் வந்து அவரை ஓய்விலிருந்து எழுப்பி, டத்தோ கிராமாட் ரோட்டுக்குப் பின்னால் உள்ள வரிசை வீடுகளுக்கெல்லாம் தலைவராக்கி வைத்திருந்தான். எந்த வீட்டில் எத்தனை பேர், யார் யாருக்கு வேலை இருக்கிறது என்று சொல்லவேண்டியது அவர் பொறுப்பு. வேலை இல்லாத ஆம்பிளைகளைச் சயாமுக்கு ரயில்பாதை போட அனுப்பப் போகிறார்கள், புதன்கிழமை பிறை ஸ்டேஷனிலிருந்து வண்டி என்று அன்று காலையில் சொன்னார். சுங்கை பாக்காப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து லாரி லாரியாக ஆட்கள் ஏற்கனவே போயிருந்தார்கள். போனவர்களில் ஒருவரும் திரும்பவில்லை. ஒரு வரி சேதியும் இல்லை. தோட்டத்துப் பெண்கள் இப்போது தாலியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, கழற்றலாமா கூடாதா என்று தெரியாமல் இருப்பதாகக் கேள்வி.

மாஸ்டருக்கு வேலை இல்லை. பள்ளிக்கூடத்தை மூடினார்கள், ஜப்பானியப் பாஷை படித்தால் திறந்த பிறகு கூப்பிடுவோம் என்றார்கள். வெள்ளைக்காரன் ஆறு மாதத்தில் திரும்பி வந்துவிடுவான், அதற்குள் ஒரு பாஷையைப் படித்து மறக்கவேண்டுமா என்று அவர் சுகமில்லை என்று சொல்லி வீட்டில் இருந்துவிட்டார். ஆறு மாதம் பதினெட்டு மாதமாயிற்று. ஆண்டு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்று. புதிய எசமானர்களின் கணக்கில் இரண்டாயிரத்து அறுநூற்று மூன்று. ஒரே இரவில் உலகத்துக்கு அறுநூற்றுச் சொச்சம் வயது கூடிப் போனதுபோலவே மாஸ்டருக்கும் கூடியிருந்தது.

"தம்பி, ஒரு இடம் இருக்கு" என்றார் கந்தப்பு. "ரோட்டுக்கு மட்டம் பார்க்கிறாங்கள். ஒரு எஞ்சினியர் கண்ணாடியால பார்ப்பான். நீர் தூரத்தில அளவுக்கோலைப் பிடிச்சுக்கொண்டு நிக்கவேணும். அவ்வளவுதான்."

"வெறுமனே நிக்கிறதோ, அண்ணை?"

"வெறுமனே இல்லை. ஆடாமல் அசையாமல். குண்டு விழுந்ததில கோலில இருந்த ரசமட்டம் உடைஞ்சு போச்சு. கைதான் மட்டம். திங்கட்கிழமை காலமை சோதிச்சுப் பார்ப்பான். ஆடிச்சுதெண்டால் வேற ஆளைப் பார்ப்பான். பேந்து நான் ஒண்டும் செய்யேலாது."

வேலை கிடைத்தாலும் சைபர் வேலைதான் என்று சிரித்துக்கொண்டே மாஸ்டர் சைக்கிளை எடுத்தார். அதற்குப் பிறகு நடந்ததுதான் இந்தக் கல்.

காவல்காரன் மாறியபோது புதிதாக வந்தவன் கையை அசைத்துப் போகச் சொன்னான். கல் எப்படிக் கீழே வந்தது என்று மாஸ்டருக்குத் தெரியவில்லை. கை கல்லை விட்டபிறகும் மேலேயே நின்றது. சரணடைகிறவனைப் போல அப்படியே இரண்டடி நடந்தார். பக்கத்து வீட்டு இராயப்பன் பேச்சாவைக் கொண்டுவந்து நிறுத்தினான். மூன்று சக்கர வண்டி. முன்னால் ஆள், பின்னால் மிதிக்கிறவன். இராயப்பன் ஒரு காலத்தில் பீச் ஸ்த்ரீட் கப்பல் கம்பெனியில் டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவன்.

"ஏறுங்க லா மாஸ்டர், ஏறுங்க. மூணு தடவ இந்தப் பக்கமா வந்து பாத்துட்டேன். ஒவ்வொரு தடவையும் எறங்கிக் குனியணும். என் இடுப்பு போச்சு. உங்களுக்கு என்ன, நிமிந்து நின்னுட்டீங்க!"

சைக்கிளைப் பேச்சாவின் பின்னால் கட்டிவிட்டு அவன் மாஸ்டரின் கைகளை ஒவ்வொன்றாக எடுத்து அவருடைய மடியில் வைத்தான். யாருடைய சாமானையோ எடுத்து வைப்பதுபோல. வண்டி கிளம்பியது. மாஸ்டருக்கு அழுகை வரும்போலிருந்தது. அவருடைய சுபாவப்படி அந்த மாதிரி நேரங்களில் அவர் பகிடி சொல்வார்.

"இராயப்பன், நான் இண்டைக்கு ஒரு வேலையும் செய்யேல்லை, தெரியுமோ?"

"என்னா சொல்றீங்க?"

கணக்கைச் சொன்னார். விசை, தூரம், மேசை, சைபர். இராயப்பன் கேட்டுக்கொண்டே மிதித்தான். புரிந்த இடத்தில் சிரிக்கத் தொடங்கியவன், சிரிப்பை அடக்க முடியாமல் வண்டியைச் சாக்கடை ஓரம்வரை கொண்டுபோய்விட்டான்.

"அட ஆண்டவரே! ரெண்டு மணி நேரம் வெயில்ல நிக்க வச்சு, அவனுக்குச் சைபரா? முட்டாப் பய!" கண்ணைத் துடைத்துக்கொண்டான். "அப்ப மாஸ்டர், நான்? காலைல வீட்டுலேருந்து கெளம்பி, ஊரெல்லாம் மிதிச்சு, சாயங்காலம் கெளம்பின எடத்துக்கே வந்து நிக்கிறேன். எனக்கும் சைபரா?"

"இல்லை. உமக்கு ரோட்டில உராய்வு இருக்கு. அதை எதிர்த்து நீர் வேலை செய்யிறீர்."

"பாத்தீங்களா! இந்த ஊர்லயே நான் ஒருத்தன்தான் வேலை செய்யறவன். என் பொண்டாட்டிகிட்ட நீங்களே வந்து சொல்லணும் லா."

வீட்டு வாசலில் மனைவி யோகலட்சுமி நின்றாள். இடுப்பில் பிள்ளை. சற்குணத்துக்கு ஒன்றரை வயது. குண்டு விழுந்த மாதத்தில் பிறந்தவள். மரவள்ளிக்கிழங்கும் கீரையுமாக வளர்ந்த கால்களில் இன்னும் பலம் ஏறவில்லை, நிற்க மாட்டாள். கீழே விட்டால் அழுவாள். ஆகவே யோகலட்சுமி பிள்ளையோடுதான் கிழங்கு சீவினாள், பிள்ளையோடுதான் அடுப்பு ஊதினாள், பிள்ளையோடுதான் கிழங்குமா அப்பம் சுட்டுத் தட்டில் அடுக்கிப் பாசாருக்குக் கொண்டுபோய் விற்றாள். மூன்று பேரும் சாப்பிட்டது அந்த அப்பத்தில்தான். மாஸ்டர் கணக்குப் பார்த்துச் சாப்பிட்டார்.

அவள் கணவனின் முகத்தைப் பார்க்கவில்லை. கைகளைப் பார்த்தாள். மடியிலிருந்து அவை எழும்பாமல் கிடப்பதைப் பார்த்தாள்.

"ஆர்?"

"பினாங்கு ரோட்டுக் காவல்காரன். சைக்கிள் நிக்கேல்லை."

"எவ்வளவு நேரம்?"

"ரெண்டு கல்" என்று உளறினார் மாஸ்டர்.

இராயப்பன் சும்மா இருந்திருக்கலாம். நல்ல மனசுக்காரன், அவளைச் சிரிக்க வைத்துவிட்டால் போதும் என்று நினைத்தான். "அக்கா, ஒண்ணும் கவலைப்படாதீங்க. மாஸ்டர் சொல்றாரு, கல்லப் புடிச்சுக்கிட்டு நின்னா அது வேலையே இல்லையாம். சைன்ஸ்படி சைபராம்!"

"தெரியும்" என்றாள் யோகலட்சுமி. "எனக்கு முந்தியே சொல்லியிருக்கிறார்."

மாஸ்டருக்குக் காது சுட்டது. போன வருஷம் ஒரு நாள், பிள்ளைக்குக் காய்ச்சல், நாள் முழுக்கத் தூக்கிக்கொண்டு நின்றவள், "கை ஒடியுது, கொஞ்சம் வாங்குங்கோவன்" என்றாள். அவர் கதிரையில் உட்கார்ந்தபடி, மேசைக் கதையை முதலிலிருந்து கடைசிவரை அவளுக்குச் சொன்னார். நன்றாகத்தான் சொன்னார்; வகுப்பாக இருந்தால் கைதட்டியிருப்பார்கள். அவள், "அப்பிடியோ" என்றாள். பிள்ளையை வலது இடுப்பிலிருந்து இடது இடுப்புக்கு மாற்றினாள். அந்த 'அப்பிடியோ' அவருக்குள் எங்கேயோ கிடந்தது. எடுத்துப் பார்க்க அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. வேலையில்லாத மனுஷருக்கு நேரம் கிடைக்காத விஷயங்கள் இப்படிச் சில உண்டு.

அவள் அடுப்படிக்குப் போனாள். செம்பனை எண்ணெயைச் சட்டியில் சூடாக்கிக்கொண்டு வந்து, ஒரு கையால் பிள்ளையை அணைத்தபடி மற்றக் கையால் அவருடைய தோளிலிருந்து மணிக்கட்டுவரை உருவினாள். எண்ணெய் சிவப்பாக வழிந்தது. பிள்ளை அதைத் தொட்டுத் தன் வயிற்றில் பூசிக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது வரிசை வீடுகள் முழுவதும் சைபர் பரவியிருந்தது. பேச்சா போகிற இடமெல்லாம் இராயப்பனும் போகிறவன்தானே. பூசை முடிந்து வந்த இராயப்பனின் மனைவி அமலம்மாள் வாசலில் நின்றபடியே, "மாஸ்டர், சாமியார் பிரசங்கம் முடியற வரைக்கும் முழங்கால்ல நின்னேன். அதுவும் சைபரா?" என்று கேட்டாள். கிணற்றடியில் வாளிக்காகக் காத்து நின்ற பெண் ஒருத்தி, "நான் இங்க சும்மா நிக்கல, சைபர் வேலை பாக்கறேன்" என்றாள். அரிசிக்கு வரிசையில் நிற்பது, காவல்காரனுக்குக் குனிந்தபடி நிற்பது, வராத சேதிக்குக் காத்து நிற்பது, எல்லாவற்றுக்கும் பெயர் கிடைத்துவிட்டது. பதினைந்து வருஷம் பாடம் எடுத்தும் இவ்வளவு பேருக்கு இவ்வளவு சுத்தமாகப் புரியவைத்ததில்லை என்று மாஸ்டருக்கு ஒரு பெருமைகூட எட்டிப் பார்த்தது. தேத்தண்ணிக் கோப்பையை எடுக்கப் போனார். கோப்பை கையோடு சேர்ந்து கடகடவென்று ஆடி, பாதித் தேத்தண்ணி வேட்டியில் போயிற்று. பெருமையும் அதோடு போயிற்று.

பத்து மணிவாக்கில் கந்தப்பு வந்தார். வந்ததும் கதவைச் சாத்தினார்.

"உந்தச் சைபர்க் கதையை இண்டையோட விடும், தம்பி. ஆரும் போய் ஜப்பான்காரனிட்ட ஊதிவிட்டால் கல்லோட முடியாது." பிறகு குரலைத் தாழ்த்தினார். "கையைக் காட்டும்."

மாஸ்டர் நீட்டினார். இரண்டு கையும் தனித்தனியாக, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் நடுங்கின. கந்தப்பு பார்த்துக்கொண்டே இருந்தார். முகத்தில் ஒன்றும் தெரியாதபடி வைத்திருப்பது அவருடைய பழைய உத்தியோகப் பழக்கம். ஆனால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அதில் அழுக்கு ஒன்றும் இல்லை.

"நாளைக்கு வேற ஆளும் வரச் சொல்லியிருக்கிறாங்கள். உம்மடை பேரை வேலையில்லாத ஆளெண்டு நான் குடுக்கமாட்டன் எண்டு சொல்ல எனக்கு ஆசைதான்" என்றார். யோகலட்சுமி அடுக்களை வாசலில் நின்றதைப் பார்த்துவிட்டு, "பிள்ளை, அவருக்குச் சுடுதண்ணி ஒத்தடம் குடும்" என்று சொல்லிப் போய்விட்டார்.

பின்முற்றத்தில் துணி காயப்போடுகிற மூங்கில் கழி இருந்தது. மாஸ்டர் அதை எடுத்து நிமிர்த்தினார். அடியைக் காலுக்கு முன்னால் ஊன்றி, இரண்டு கையாலும் பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார். கைக்குள் சின்னதாக இருந்த நடுக்கம் கழியின் நுனிக்குப் போவதற்குள் பெரிய ஆட்டமாகிவிட்டது. மேலே, கூரைக்கு நேரே, நுனி எதையோ விரட்டுவதுபோல வீசிக்கொண்டிருந்தது. பல்லைக் கடித்தார். பிடியை இறுக்கினார். இறுக்க இறுக்க அதிகம் ஆடியது.

யோகலட்சுமி துணி எடுக்க வந்தவள் நின்று பார்த்தாள்.

"சைபர்தானே?" என்றாள். "பேந்து ஏன் நடுங்குது?"

குத்திக்காட்டிய மாதிரி இல்லை. தெரிந்துகொள்ளக் கேட்ட மாதிரித்தான் இருந்தது. மாஸ்டர் வாயைத் திறந்தார். தசைநார், இரத்த ஓட்டம் என்று தொடங்கலாம். தொடங்கவில்லை.

"நான் மேசை இல்லைத்தானே, யோகம்."

"நானும்தான்" என்றாள் அவள். கொடியிலிருந்த துணியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே திரும்பினாள்.

"பிள்ளையைத் தாரும்" என்றார் மாஸ்டர் பின்னாலிருந்து.

அவள் திரும்பிப் பார்த்தாள். பிறகு கொடுத்தாள். சற்குணம் அப்பாவின் கைக்கு வந்தது. ஒரு கணம் மீசையைப் பார்த்து யோசித்தது. அவருடைய முழங்கை மடங்கித் தாழத் தொடங்கியது. விழுவதற்கு முன் யோகலட்சுமியின் கை கீழே வந்து ஏந்திக்கொண்டது. அவள் அந்த இடத்தில் கையை ஏற்கனவே வைத்திருந்தாள் என்பது அவருக்குப் பிறகுதான் தெரிந்தது.

அவர் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டார். அன்று மத்தியானம் முழுவதும் அவள் பிள்ளையோடு நின்றதைப் பார்த்தார். இத்தனை நாளும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் வகுப்பில் கடைசி வரிசைப் பையன் பார்க்கிற மாதிரிப் பார்த்திருக்கிறார். அவள் நிற்கவே இல்லை. அடுப்படியில் நிற்கிறாள் என்று சொல்லலாம். ஆனால் இடுப்பு ஆடியது, குதிகால் எழும்பித் தாழ்ந்தது, பாரம் இந்தக் காலிலிருந்து அந்தக் காலுக்குப் போய் வந்தது. நின்றுவிட்டால் பிள்ளை சிணுங்கியது. கையால் அல்ல, அந்த ஆட்டத்தால்தான் அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றும் ஒரு சாண், அரைச் சாண். இடம் போய் வலம், வலம் போய் இடம். பிள்ளை பிறந்த நாளிலிருந்து கூட்டினால் எவ்வளவு தூரம்? பிறையைத் தாண்டி, பட்டர்வொர்த்தைத் தாண்டி, சயாமுக்கே நடந்து போயிருப்பாள். மாஸ்டர் கூட்டத் தொடங்கினார். பாதியில் விட்டுவிட்டார். கூட்டினால் எழும்பி எங்கேயாவது போய் முகத்தை மறைத்துக்கொள்ளவேண்டி வரும் என்று பட்டது.

திங்கட்கிழமை காலையில் டத்தோ கிராமாட் ரோட்டில் வெயில் ஏறுவதற்கு முன்பே எஞ்சினியர் வந்துவிட்டான். ஒல்லியான ஆள், மூக்குக்கண்ணாடியில் ஒரு பக்கம் விரிசல் விட்டிருந்தது. மூன்று காலில் நிற்கிற மட்டக் கருவியைத் தன் பிள்ளையைத் துடைப்பதுபோலத் துடைத்தான். கந்தப்பு தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றார். சாலையோர மரத்தடியில் இன்னொரு ஆள் குந்தியிருந்தான். இருபத்தைந்து வயதிருக்கும், கை இரண்டும் நன்றாக இருந்தன. மாஸ்டர் அவனைப் பார்த்துப் புன்னகைத்தார். அவனும் புன்னகைத்தான். இரண்டு பேரில் ஒருவர்தான் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

அளவுக்கோல் மாஸ்டரைப்போல இரண்டு ஆள் உயரம். சிவப்பும் கறுப்புமாகக் கோடுகள், எண்கள். தூக்கிக்கொண்டு போய்க் காட்டிய இடத்தில் ஊன்றினார். தூரத்தில் எஞ்சினியர் குனிந்து கண்ணை வைத்தான்.

கோல் ஆடியது.

எஞ்சினியர் நிமிர்ந்து கத்தினான். பாஷை தெரியாவிட்டாலும் கத்தியது என்ன என்று விளங்கியது. மாஸ்டர் இறுக்கிப் பிடித்தார். நுனி இன்னும் வேகமாக உதறியது. எஞ்சினியர் இரண்டாம் முறை கத்தியபோது மரத்தடி ஆள் எழுந்து நின்று சாரத்தை இறுக்கிக் கட்டினான். கந்தப்பு தரையைப் பார்த்துக்கொண்டார்.

அப்போது சாலைக்கு அந்தப் பக்கம் யோகலட்சுமி வந்தாள். பாசாருக்குப் போகிற வழி அதுதான். தலையில் அப்பத் தட்டு, இடுப்பில் சற்குணம். கூப்பிடவில்லை, கையைக் காட்டவில்லை. நின்றாள். நின்றாள் என்று பார்க்கிறவர்கள் சொல்வார்கள். அவளுடைய இடுப்பு இடமும் வலமுமாக ஆடியது. தலையில் தட்டு அசையவே இல்லை.

மாஸ்டர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இறுக்கிய பிடியைத் தளர்த்தினார்.

ஆடாமல் பிடிக்க முடியாது. சரி, ஆட்டுவோம். கோலின் அடியை ஊன்றியபடியே, அதன் நுனியை மெதுவாக எஞ்சினியர் பக்கம் சாய்த்தார். மெதுவாகத் தன் பக்கம் கொண்டுவந்தார். மறுபடி அந்தப் பக்கம். கையின் நடுக்கம் அந்த ஆட்டத்துக்குள் போய்க் கரைந்தது. ஆற்றில் போகிற படகில் இருக்கிறவனுடைய கைநடுக்கத்தை யார் கண்டார்கள்? கருவியின் கண்ணாடிக்குள் என்ன தெரியும் என்று மாஸ்டருக்குத் தெரியும். கோல் முன்னால் சாய்ந்தாலும் எண் கூடும், பின்னால் சாய்ந்தாலும் கூடும். நேராக நிற்கிற ஒரே ஒரு கணத்தில் எண் ஆகக் குறைவாக இருக்கும். அந்தக் குறைந்த எண்தான் சரியான எண். ஒவ்வொரு ஆட்டத்திலும் கோல் அந்த இடத்தைத் தாண்டித்தான் போகும், தாண்டித்தான் வரும். அசையாமல் பிடித்தவன் நேராகத்தான் பிடித்தான் என்று யார் சொல்ல முடியும்? ஆட்டுகிறவன் ஏமாற்ற முடியாது. ஆனால் இதையெல்லாம் அந்தப் பாஷையில் சொல்ல அவர் படித்திருக்கவில்லை. ஆறு மாதத்தில் போய்விடுவார்கள் என்றல்லவா நினைத்தார்?

எஞ்சினியர் கத்த வாயைத் திறந்தான். திறந்த வாயை மூடாமலே குனிந்து கண்ணை வைத்தான். நெடுநேரம் அப்படியே இருந்தான். மரத்தடி ஆள் ஒரு எட்டு முன்னால் வைத்து நின்றான்.

பிறகு, கண்ணைக் கருவியிலிருந்து எடுக்காமலே, எஞ்சினியர் ஒரு கையை உயர்த்தினான். உள்ளங்கை வெளிப்பக்கம் தெரிய, கை மெதுவாக இப்படியும் அப்படியும் ஆடியது.

'வேண்டாம், போ' என்கிறானா? 'அப்படித்தான், ஆட்டு' என்கிறானா? மாஸ்டர் கந்தப்புவைப் பார்த்தார். இலாகாவில் முப்பது வருஷம் இருந்த கந்தப்பு, இவ்வளவு காலமும் கோப்புகளைப் பார்த்தவரே தவிரக் கோலைப் பார்த்தவர் இல்லை. தொப்பியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மாஸ்டரைத் திரும்பப் பார்த்தார். எஞ்சினியரின் மற்றக் கை சட்டைப் பையில் பென்சிலைத் தேடுவதுபோலவும் இருந்தது, தேடாததுபோலவும் இருந்தது.

யாராவது வந்து கோலைப் பிடுங்குகிறவரைக்கும் நிறுத்துவதில்லை என்று மாஸ்டர் முடிவு செய்தார். கோல் போனது, வந்தது. தூரத்தில் அந்தக் கை போனது, வந்தது. சாலைக்கு அந்தப் பக்கம் யோகலட்சுமி அப்பத் தட்டோடு ஆடிக்கொண்டே நின்றாள். அவள் தோளில் தலை சாய்ந்து சற்குணம் தூங்கிப்போயிருந்தது.